கழகம் முதலில், கைத்துப்பாக்கி கடைசியில்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுப் டிகேச் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி, சாதாரண மூக்குக் கண்ணாடியோடு நின்று சுட்டார். 10 மீற்றர் எயார் பிஸ்ரல் கலப்பு அணிப் போட்டியில் அவருடைய அணிக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதே போட்டியில் வெண்கலம் வென்றவர்கள் இந்தியாவின் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும். அதற்கு இரண்டு நாட்கள் முன்னர்தான் மனு பெண்கள் தனிநபர் பிரிவிலும் வெண்கலம் வென்றிருந்தார். அந்தக் காட்சிகளைக் கைபேசியில் பார்த்த பிள்ளைக்கு முதலில் எழும் கேள்வி, "அந்தப் பிஸ்ரலை எங்கே வாங்கலாம்?" என்பதுதான்.

கேட்க வேண்டிய வரிசை வேறு. எந்தக் கழகம், எந்தப் பயிற்றுநர், எந்தப் போட்டி என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே எந்தத் துப்பாக்கி என்ற பேச்சு வர வேண்டும். உலகில் இந்த விளையாட்டு ஒழுங்காக நடக்கும் பல நாடுகளில் சட்டமே இந்த வரிசையைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இதைச் சத்தமாகக் கேட்கவே தயக்கம் உண்டு. 1975 யூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின் வந்த பத்தாண்டுகளில் கைத்துப்பாக்கியை விளையாட்டோடு சேர்த்து நினைக்க இங்கே யாருக்கும் இடமிருக்கவில்லை. அனுமதிப்பத்திரத்தோடு வீட்டில் இருந்த வேட்டைத் துவக்குகளைக்கூட ஆயுத இயக்கங்கள் சேகரித்துக்கொண்டு போயின. அந்தத் தலைமுறைப் பெற்றோர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. துப்பாக்கி கழகத்தின் பூட்டிய அலுமாரியில்தான் இருக்கும், பிள்ளையின் பையில் இருக்காது என்று உறுதி சொல்ல முடிந்தால்தான் அவர்களிடம் பேசவே முடியும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

இலங்கையில் இதற்கு அடிப்படை 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பிற்காலத் திருத்தங்கள் தண்டனைகளைக் கடுமையாக்கின. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் டிசம்பர் 31 உடன் முடிவடையும், பின்னர் புதுப்பிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கான விண்ணப்பம் மாவட்டச் செயலகத்தின் வழியாகப் போகும். பிஸ்ரலும் ரிவோல்வரும் பாதுகாப்பு அமைச்சின் கையில் இருப்பவை.

2024 இன் இறுதியில் அமைச்சு இன்னும் இறுக்கமாகியது. தனிப்பட்ட பாதுகாப்புக்கென வழங்கிய சுடுகலன்களை நவம்பர் 7 க்குள் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி அறிவித்தது. அவற்றை மீளாய்வு செய்வதே நோக்கம். 2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள், நடுவே குடைந்தெடுத்த புத்தகத்தில் ஒளித்துக் கொண்டுவந்த ரிவோல்வரால் ஒருவர் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட சூழலில், "பழகுவதற்கு எனக்கொரு பிஸ்ரல்" என்று தனியாளாக அலுவலகப் படியேறுவது வீண் அலைச்சல். அமைச்சின் முன்னால் நம்பிக்கையோடு நிற்கக்கூடியது பதிவுபெற்ற கழகமோ சம்மேளனமோதான்.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. "இது காற்றுத் துப்பாக்கிதானே, இதற்கு என்ன அனுமதி?" என்பார்கள். வெடிமருந்தா காற்றா என்பதைக்கொண்டு மட்டும் எங்கள் சட்டம் தீர்ப்பதில்லை. குழாயிலிருந்து பாயும் குண்டு எவ்வளவு ஊடுருவுகிறது என்பதையும் அது பார்க்கிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு அமைச்சின் முன் அனுமதி வேண்டும். ஆகவே கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமாவிடம் பயணப்பெட்டிக்குள் ஒன்று வைத்துக்கொண்டு வரும்படி கேட்கவே கூடாது. கட்டுநாயக்காவிலோ பலாலியிலோ சுங்கத்தில் மாட்டிக்கொள்வது அவர்தான்.

தொடக்கக்காரருக்கு எந்தப் போட்டி?

10 மீற்றர் எயார் பிஸ்ரல் என்று தயங்காமல் சொல்லலாம். 1988 சியோல் ஒலிம்பிக்கிலிருந்து இது ஒலிம்பிக் போட்டி. அழுத்தப்பட்ட காற்று 4.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஈயக் குண்டைத் தள்ளுகிறது. குண்டின் எடை ஏறத்தாழ அரைக் கிராம், வேகம் செக்கனுக்கு 150 மீற்றர் அளவில். பின்னுதைப்பு மிகக் குறைவு, சத்தமும் குறைவு. அதனால் சுடுபவருடைய பிழை எதுவும் சத்தத்துக்குள் மறைந்துபோகாது.

இலக்கு அட்டையின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீற்றர் விட்டம் மட்டுமே. தகுதிச் சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 தடவை சுட வேண்டும். பிஸ்ரலைப் பிடிப்பது ஒரே கை. டிகேச் மற்றக் கையைப் பைக்குள் விட்டது பந்தாவுக்கு அல்ல. அந்தக் கை அசைந்தால் உடல் அசையும் என்பதால்தான்.

இதில் ஒரு சிறு கணக்கைப் புரிந்துகொண்டால் விளையாட்டே பிடிபட்டுவிடும். பிஸ்ரலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத் தூரம் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர். இலக்கு 10 மீற்றரில், அதாவது அதைப்போல் சுமார் 30 மடங்கு தூரத்தில் இருக்கிறது. முன்குறி பின்குறியின் நேர்கோட்டிலிருந்து 1 மில்லிமீற்றர் விலகினால் குண்டு இலக்கில் சுமார் 30 மில்லிமீற்றர் விலகும். பத்துப் புள்ளி ஏழாகிவிடும். குறிகள் இரண்டும் ஒரே நேரில் இருக்க, முழுக் கையும் 1 மில்லிமீற்றர் பக்கவாட்டில் ஆடினாலோ குண்டும் அந்த 1 மில்லிமீற்றர்தான் விலகும். கை நடுங்குவதைப் பற்றிக் கவலைப்படும் தொடக்கக்காரர் உண்மையில் கவலைப்பட வேண்டியது, விசையை இழுக்கும் கணத்தில் குறிகள் குலைவதைப் பற்றி. அதனால்தான் நல்ல பயிற்றுநர்கள் குண்டு போடாமல், வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து விசை இழுக்கும் பயிற்சியை வாரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

வெடிமருந்துப் பிஸ்ரல்களில் ஒலிம்பிக்கில் எஞ்சியிருப்பவை 25 மீற்றர் போட்டிகள் மட்டும். 50 மீற்றர் பிஸ்ரல் 2016 ரியோவோடு முடிந்தது. 25 மீற்றரில் பயன்படுவதும் 5.6 மில்லிமீற்றர் சிறு தோட்டாதான். சினிமாவில் காணும் 9 மில்லிமீற்றர் பிஸ்ரலுக்கு ஒலிம்பிக்கில் வேலையே இல்லை.

கழகத்தை எடைபோடுவது எப்படி?

இலங்கையில் விளையாட்டுச் சங்கங்கள் 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கழகம் தேசியத் துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தோடு இணைந்ததா என்பதே முதல் கேள்வி. இணையாத கழகத்தில் எடுத்த புள்ளிகள் தேசியப் போட்டிக்கு உதவா. கழகத்தின் பெயரால் உள்ள துப்பாக்கிகள் ஒவ்வொன்றுக்கும் உரிய ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அங்கே சேர வேண்டாம்.

பிறகு பணம் கட்டாமல் ஒரு பின்னேரம் போய்ப் பாருங்கள். சுடும் வரிசையில் ஒருவர் கட்டளை கொடுக்கிறாரா? அவர் நிறுத்தச் சொன்னதும் எல்லோரும் அந்தக் கணமே நிறுத்துகிறார்களா? யாராவது இலக்குப் பக்கம் நடக்கும்போது துப்பாக்கிகள் கீழே வைக்கப்பட்டு, குழாய் காலி என்று காட்டும் வண்ண நாடா செருகப்பட்டிருக்கிறதா? குண்டு இல்லாத துப்பாக்கியைக்கூட மனிதர் பக்கம் திருப்பினால் மூத்த உறுப்பினரையும் கண்டிக்கிறார்களா? ஒரு பெரிய மனிதரின் தவறைப் பார்த்தும் பாராததுபோல் இருக்கிற கழகத்தில், அங்கே பதக்கங்கள் எத்தனை தொங்கினாலும், பிள்ளையை விடக்கூடாது.

ஈயத்தையும் கவனிக்க வேண்டும். கூடத்தில் காற்றோட்டம் வேண்டும், சுடும் இடத்தில் தேநீரும் வடையும் இருக்கக்கூடாது, முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். சிறு பிள்ளைகள் பயிலும் இடத்தில் இது இன்னும் முக்கியம்.

கடைசியாக, பழகுவோருக்குக் கழகத்தின் துப்பாக்கி கிடைக்குமா என்று கேளுங்கள். முதல் மாதமே சொந்தமாக வாங்கச் சொல்லி நெருக்கும் கழகம் விற்பனையில்தான் கண் வைத்திருக்கிறது.

முதல் பிஸ்ரலில் எதைப் பார்ப்பது?

வாங்கும் நாள் வந்தால், பெயரைவிடக் கைப்பிடியைப் பாருங்கள். போட்டிப் பிஸ்ரலின் மரப்பிடி வலக்கை, இடக்கை எனத் தனித்தனி. சிறிது, நடுத்தரம், பெரிது என அளவும் உண்டு. செருப்பு வாங்கும்போது போட்டுப் பார்ப்பதுபோல இதையும் பிடித்தே பார்க்க வேண்டும். கண்ணை மூடி, கையை இயல்பாக உயர்த்தி, பிறகு கண்ணைத் திறவுங்கள். முன்குறியும் பின்குறியும் ஏறத்தாழ நேராகத் தெரிந்தால் பிடி பொருந்துகிறது. மணிக்கட்டை முறுக்கித்தான் நேராக்க முடிகிறதென்றால் பொருந்தவில்லை. பிடி மணிக்கட்டைத் தாங்கி நிற்கக்கூடாது என்பது சர்வதேச விதியும்கூட.

அடுத்தது எடை. விதி 1,500 கிராம் வரை அனுமதிக்கிறது. மெலிந்த கையுடைய பதின்ம வயதினருக்கு அதைவிடக் குறைந்த எடையே நல்லது. விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். போட்டிக்கு முன் அதை எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள்.

காற்று நிரப்பும் முறையில் இரண்டு வழி உண்டு. நெம்புகோலை ஒருமுறை இழுத்துக் காற்றை அழுத்துவது ஒன்று. ரஷ்யாவின் இஷ்-46 எம் இந்த வகையில் பெயர்பெற்றது. உருளை வாங்கும் செலவு இல்லை, பழுதும் குறைவு. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் நெம்ப வேண்டியிருப்பதால் சிறுவருக்குக் கை களைக்கும். மற்றது உயரழுத்தக் காற்று உருளை பூட்டியது. ஸ்ரெயர், வால்தர், மொரினி, பைன்வேர்க்பாவ், பார்தினி ஆகியவை இன்று போட்டிக் கூடங்களில் காணும் பெயர்கள். புதியது ஆயிரம் யூரோவைத் தாண்டும், இலங்கைப் பணத்தில் சில இலட்சம். பழையது வாங்கினால் உருளையில் பொறித்த திகதியைப் பாருங்கள். 10 ஆண்டு கடந்த உருளையைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள்.

விலை உயர்ந்தது என்பதற்காக அது கைவிடாது என்று எண்ண வேண்டாம். 2020 ரோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் மனு பாக்கருடைய பிஸ்ரலே நடுவில் பழுதாகி அவருடைய நேரத்தைத் தின்றது. திருத்தத் தெரிந்தவர் அருகில் இல்லாத ஊரில் எளிய பொறிமுறையே புத்திசாலித்தனம்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு

பிரித்தானியாவில் 1996 இல் டன்பிளேன் பாடசாலையில் 16 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997 இல் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன. எயார் பிஸ்ரல் தப்பியது. ஆயினும் ஸ்கொட்லாந்தில் அதற்கும் சான்றிதழ் வேண்டும். கனடா 2022 ஒக்ரோபர் 21 முதல் கைத்துப்பாக்கி விற்பனையையும் கைமாற்றத்தையும் முடக்கியது. ஒலிம்பிக் பிரிவுகளில் பயில்வோருக்கு மட்டும் ஒடுங்கிய விலக்கு உண்டு. ஜேர்மனியில் அங்கீகாரம் பெற்ற கழகத்தில் 12 மாதம் ஒழுங்காகப் பயின்ற பிறகே வெடிமருந்துப் பிஸ்ரலுக்கு விண்ணப்பிக்கலாம்.

சுவிற்சர்லாந்து விசித்திரமானது. ஊருக்கு ஊர் சுடும் கழகம் உள்ள நாடு அது. ஆனால் அந்நாட்டு ஆயுத ஒழுங்குவிதி, துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாத நாட்டவர் பட்டியலில் இலங்கையரையும் வைத்திருக்கிறது. எங்கள் போரின் நிழல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சுவிஸ் குடியுரிமை பெறாத உறவினர் எவரும் கழகப் படிவத்தை நிரப்புமுன் மாநில அதிகாரிகளிடம் கேட்பது அவசியம்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை இலகு. இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீற்றர் விட்டத்தில் குறைந்த ஆற்றல் கொண்ட எயார் பிஸ்ரலுக்கு உரிமம் தேவையில்லை. சென்னை, கோவை, மதுரை, திருச்சி எனக் கழகங்கள் இருக்கின்றன. நடிகர் அஜித்குமார் சென்னைக் கழகத்தில் பயின்று மாநிலப் போட்டிகளில் பதக்கம் வென்றதும் கூட்டம் கூடியது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் எயார் றைபிளில் இரண்டு ஒலிம்பிக் போட்டிகளைக் கண்டுவிட்டார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் என்ன செய்யலாம்?

இலங்கைக்கும் இதில் வரலாறு உண்டு. 1994 விக்ரோரியா பொதுநலவாய விளையாட்டில் புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்கிரமசிங்கவும் எயார் றைபிள் இணையர் பிரிவில் தங்கம் வென்றார்கள். ரோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல சுட்டார். நாட்டின் சுடுதல் அணிகளுக்கு முப்படைகளே முதுகெலும்பு என்றாலும், கொழும்பின் பெரிய பாடசாலைகள் சிலவற்றில் இது பாடசாலை விளையாட்டாகவே நடக்கிறது. குடாநாட்டுக்கு ஏற்ற வாசலும் பாடசாலைதான். படை முகாமுக்குப் போய்ப் பழகச் சொன்னால் இங்கே எத்தனை வீடுகள் பிள்ளையை அனுப்பும்?

தேவைப்படுவது பெரிய மைதானம் அல்ல. 10 மீற்றர் தூரமும் சுடுபவர் பின்னால் நிற்க இடமும் உள்ள மூடிய மண்டபம், 1.4 மீற்றர் உயரத்தில் இலக்குகள், குண்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டிகள், நல்ல வெளிச்சம், இரண்டு பூட்டுள்ள அலுமாரி, எடுத்ததையும் வைத்ததையும் எழுதும் பதிவேடு. எல்லாவற்றுக்கும் மேலாக, சம்மேளனம் அனுப்பும் ஒரு பயிற்றுநர். பழைய மாணவர் சங்கங்கள் இதைவிடப் பல மடங்கு செலவில் நீச்சல் தடாகம் கட்டிக்கொடுக்கின்றன.

விண்ணப்பத்தை அதிபர் எழுத வேண்டும், மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தர் ஊடாகச் சம்மேளனத்துக்கும் அமைச்சுக்கும் அது போக வேண்டும், பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் கூடவே இருக்க வேண்டும். கழகத்தின் பெயரில் ஆறு பிஸ்ரல்கள் கிடைத்தால் சுழற்சி முறையில் ஓர் அணி முழுவதும் பயிலலாம். அந்த அணியில் யாராவது மாகாணத்தைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் நாளில் அவருக்குச் சொந்தப் பிஸ்ரல் தேடுவோம். அதுவரை எந்த வீட்டுக்கும் ஒன்று தேவையில்லை.