கேமரன் மலை இறக்கம்: பிரேக் பேடை மட்டும் மாற்றினால் போதுமா?

தானா ராத்தா – தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குச் செல்வதானால் கேமரன் மலைத் தோட்டக் குடும்பங்கள் மலையிறங்கியே ஆக வேண்டும். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து ரிங்லெட் வழியாகத் தாப்பா வரை செல்லும் 59-ஆம் எண் கூட்டரசு சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம் கொண்டது. வழி நெடுகிலும் வளைவுகள். சமவெளியில் பல மாதம் தாங்கும் பிரேக், இங்கே அதைவிட வேகமாகத் தேய்ந்துவிடும்.

காரணம் வெப்பம். நான்கு பேர் அமர்ந்த சிறிய கார் ஏறத்தாழ 1,200 கிலோ எடை வரும். அது 1,400 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு பகுதியைக் காற்றும் டயரும் இன்ஜினும் ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கில்தான் வெப்பமாகச் சேர்கிறது.

டிஸ்க் மெலிந்தால் என்ன ஆகும்?

பிரேக்கை மிதித்ததும் இரண்டு பேடுகள் சுழலும் டிஸ்கை இருபுறமும் கவ்வுகின்றன. வார்ப்பிரும்பாலான அந்த டிஸ்க்தான் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடுகிறது. அது தேய்ந்து மெலிந்தால் வெப்பத்தைத் தாங்கும் இரும்பு குறைகிறது; விரைவில் சூடேறி, வளையவோ விரிசல் விடவோ கூடும்.

அதனால்தான் டிஸ்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். புதிதாக இருக்கும்போது 22 மில்லிமீட்டர் உள்ள டிஸ்குக்கு 20 மில்லிமீட்டர் எல்லை என்பது போல, தேய்வதற்கான இடம் மிகச் சிறியது. காருக்குக் கார் இந்த அளவு மாறும்.

செலவைக் குறைக்கப் பேடை மட்டும் மாற்றுவதும், டிஸ்கை ‘ஸ்கிம்’ செய்து பழையபடி பொருத்துவதும் வழக்கம். வரி வரியாகக் குழி விழுந்த டிஸ்கில் புதிய பேடு மேடான இடங்களில் மட்டுமே படியும். ‘ஸ்கிம்’ செய்தால் பரப்பு சமமாகும். ஆனால் தடிமன் இன்னும் குறையும். கடைந்த பிறகும் அது பொறித்த எல்லைக்கு மேல் இருந்தால் பயன்படுத்தலாம். இல்லையென்றால் புதிய டிஸ்க்தான் வழி.

பட்டறையில் கேட்க வேண்டியவை

* டிஸ்கை மைக்ரோமீட்டரால் அளந்து காட்டச் சொல்லுங்கள். பேடின் உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கீச்சென்ற சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.
* இடது, வலது இரண்டு சக்கரங்களிலும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதியதானால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.
* கழற்றிய கேலிப்பரை பிரேக் குழாயில் தொங்கவிடக் கூடாது. அதன் பின்கள் எளிதாக நகர்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.
* பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய ‘டாட் 3’ எண்ணெய்க்கான குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியதற்கோ 140 மட்டுமே. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

வீட்டிலேயே மாற்றத் தெரிந்தவர்கள் தோட்டத்துச் சரிவில் காரை ஜாக்கி மீது ஏற்றக் கூடாது. சமதளமும், காரைத் தாங்கும் ஸ்டாண்டும் கட்டாயம் தேவை.

வேலை முடிந்ததும், காரை நகர்த்தும் முன் பிரேக்கைப் பலமுறை மிதித்து அழுத்தம் வரவழைக்க வேண்டும். முதல் மிதி தரைவரை போகும் என்பதால் இது உயிரைக் காக்கும் பழக்கம். புதிய பேடு டிஸ்கோடு படியும்வரை சமதளச் சாலையில் மிதமாகப் பலமுறை பிரேக் பிடித்து, இடையிடையே ஆறவிட வேண்டும். அதே நாளில் நேராகத் தாப்பாவுக்கு இறங்குவது சரியல்ல.

இறங்கும்போது

ஆட்டோ காராக இருந்தாலும் குறைந்த கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்காமல், வேகம் கூடும்போது அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை எடுக்க வேண்டும்.

மிதி கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லையென்றால் பேடு சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கலாம். மிதி பஞ்சுபோல உள்ளே போனால் எண்ணெய் கொதித்திருக்கலாம். கருகல் வாடை வந்தால் லாத்தா இஸ்கண்டார் போன்ற பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடிப்பு விடலாம்.

2010 டிசம்பர் 20-ஆம் தேதி சிம்பாங் பூலாய் – கேமரன் மலைச் சாலையில் சுற்றுலாப் பேருந்து விபத்துக்குள்ளாகி பலர் உயிரிழந்ததை இவ்வட்டார மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலைச்சாலை எந்த வாகனத்துக்கும் இரண்டாவது வாய்ப்பு தருவதில்லை. பேருந்து, லாரி போன்றவை குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புஸ்பகோம் சோதனைக்குப் போகின்றன. சொந்தக் கார்களுக்கு அப்படி ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை இல்லை. பழைய காரை வைத்திருக்கும் வாகனமோட்டிகள், பெருநாள் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே டிஸ்கையும் பேடையும் அளந்து பார்த்துவிடுவது குடும்பத்துக்குப் பாதுகாப்பு.