வாரம் ஒரு நாள்தான்!

பஞ்சகுட்டா நிம்ஸ் ஆஸ்பத்திரியில் மூட்டுவாத நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் டாக்டரைப் பார்ப்பது என்றோ ஒரு நாள். மற்ற நாட்களில் நோயுடன் குடித்தனம் நடத்துவது நாம்தான். இந்த இடைவெளிக்குக் கைப்பேசிச் செயலிகள் கைகொடுக்கின்றன. காலையில் விரல்களின் விறைப்பு விலக எத்தனை நிமிஷம் ஆயிற்று, எந்த மூட்டு வீங்கியது என்று அதில் தினமும் குறித்து வைத்தால், டாக்டர் கேட்கும்போது “பரவாயில்லை” என்று மழுப்ப வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் மருந்து மெதோட்ரெக்ஸேட். அமெரிக்காவில் 1988ல் இந்நோய்க்கு அங்கீகாரம் பெற்றது. இதை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். செயலியில் நினைவூட்டும் மணியைத் ‘தினமும்’ என்று வைத்துவிட்டால், அது பாட்டுக்குத் தினமும் அடிக்கும்! அப்படித் தினமும் விழுங்கி, வாய்ப்புண் வந்து, ரத்த அணுக்கள் குறைந்து, உயிரையே இழந்தவர்கள் உலகில் பலர் உண்டு.

ஆகவே கிழமையைக் குறிப்பிட்டு மணியை வையுங்கள். ஆபீஸ் போகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சனிக்கிழமை இரவை வைத்துக்கொள்ளலாம். மறுநாள் குமட்டினாலும் லீவு போட வேண்டியதில்லை. டாக்டர் எழுதும் ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்குத் தனி மணி. கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்குமான பரிசோதனைத் தேதிகளையும் அதிலேயே பதிந்துவிடுங்கள். வலி குறைந்த மாதத்திலும் அந்தப் பரிசோதனை உண்டு.