இல்லத் திரையரங்குக் கணிப்பொறியும் அதற்கேற்ற பெட்டியும்

ஒரு பொருளின் பயன் அப்பொருளால் மட்டும் அமைவதன்று. அதனை ஏந்தும் கலத்தாலும் அமைவதாகும். ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் இடுவாரேயன்றிப் பித்தளைப் பாத்திரத்தில் இடுவார் இலர். நெல்லைக் குதிரிலும் குடிநீரை மட்பானையிலும் வைத்த நம் முன்னோர், உள்ளிருக்கும் பொருளின் இயல்பையும் புறத்தேயுள்ள காற்றின் இயல்பையும் ஒருங்கே நோக்கியே கலத்தைத் தெரிந்தனர். இவ்வுண்மை இக்காலத்துக் கணிப்பொறிக்கும் பொருந்துமாற்றை, செங்கற்பட்டையும் மாமல்லபுரக் கடற்கரையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஈண்டுச் சுருக்கமாக விளக்கப் புகுகின்றோம்.

வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துத் திரைப்படம் காணவும் இசை கேட்கவும் அமைக்கப்படும் கணிப்பொறியே இல்லத் திரையரங்குக் கணிப்பொறியாம். 2002ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 'மீடியா சென்டர்' என்னும் பதிப்பை வெளியிட்டபின் இதற்கு நல்ல மதிப்பு உண்டாயிற்று. வரவேற்பறையில் ஆம்ப்ளிஃபையரின் பக்கத்தே அதன் உடன்பிறப்புப்போல் வீற்றிருக்கவேண்டுமென்று கருதி, ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் அகலமுள்ள கிடைப்பெட்டிகளை அக்காலத்தில் பலர் செய்து விற்றனர். 2015ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 10இல் மீடியா சென்டர் இடம்பெறவில்லை. எனினும் எக்ஸ்.பி.எம்.சி. என்று முன்னர் வழங்கி, 2014ஆம் ஆண்டில் கோடி எனப் பெயர் மாறிய மென்பொருள் அவ்விடத்தை நிரப்பியது. இணையத்தின் வழியே படங்காட்டும் சிறு கருவிகள் மலிந்த இந்நாளிலும், தமக்கென ஒரு தொகுப்பை உடையார்க்கு இவ்வியந்திரம் இன்றியமையாததே. திருமணக் காட்சிகள், பழைய கேசட்டிலிருந்து பெயர்த்தெழுதிய பாட்டனாரின் குரல், குழந்தைகளின் முதல் நடை ஆகியவை எவ்விணையக் கடையிலும் விலைக்குக் கிடைப்பன அல்ல.

இத்தகைய செல்வத்தைக் காக்கவேண்டிய யந்திரத்தை அமைப்போர், சென்னை ரிச்சி தெருவிற்குச் சென்று பாகங்களைத் தனித்தனியே வாங்குவர். பிராசஸரைப்பற்றியும் மதர்போர்டைப்பற்றியும் பலநாள் ஆராய்வர். 'கேபினெட்' எனக் கடைக்காரர் கூறும் பெட்டியை மட்டும் இறுதியில், எஞ்சிய பணத்திற்கேற்ப, அழகு நோக்கி வாங்கிவிடுவர். 'சிறியதே சிறந்தது' என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் முழுதும் பிழையன்று. ஆயின் முழுதும் சரியுமன்று. ஏனெனில், பெட்டி சிறுத்தபோது அதனுட் பிறக்கும் வெப்பம் சிறுப்பதில்லை.

இனி, பெட்டியின் அளவை முதலில் நோக்குவாம். பெட்டியின் அளவை முடிவு செய்வது மதர்போர்டே. 1995ஆம் ஆண்டில் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். பலகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது. 1997ஆம் ஆண்டின் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகை இருபுறமும் 244 மில்லிமீட்டர். 2001ஆம் ஆண்டில் வியா நிறுவனத்தார் வகுத்த மினி ஐ.டி.எக்ஸ். பலகையோ இருபுறமும் 170 மில்லிமீட்டரே. திரைப்படம் காண்பதற்கு இச்சிறு பலகை முற்றும் போதுமானது. இதன் திருகாணித் துளைகள் பெரிய ஏ.டி.எக்ஸ். பெட்டியின் துளைகளோடும் ஒத்தமைவதால், பின்னர்ப் பெட்டியை மாற்ற நேரினும் பலகை வீணாவதில்லை. இதனினும் சிறியதாய், உள்ளங்கையில் ஏந்தத்தக்க இன்டெல் என்.யூ.சி. போன்றவையும் உண்டு. அவற்றில் பெட்டியும் பலகையும் ஒன்றுக்கொன்றே அளவிட்டுச் செய்யப்பட்டன. என்.யூ.சி. தொழிலை 2023ஆம் ஆண்டில் இன்டெல் கைவிட, ஏசஸ் நிறுவனத்தார் அதனை மேற்கொண்டனர். பலருக்கும் பொதுவாய் வகுத்த அளவையுடைய பெட்டியை வாங்கினோர்க்கு, இத்தகைய மாறுதல்களால் கவலையில்லை.

பலகை பொருந்தினால் மட்டும் போதாது. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியையும் அளந்தறிதல் வேண்டும். வழக்கமான ஏ.டி.எக்ஸ். மின்வழங்கி 150 மில்லிமீட்டர் அகலமும் 86 மில்லிமீட்டர் உயரமும் உடையது. சிறு பெட்டிகளுக்குரிய எஸ்.எஃப்.எக்ஸ். வகை 125 மில்லிமீட்டர் அகலமும் 63.5 மில்லிமீட்டர் உயரமுமே உடையது. மடிக்கணிப்பொறிக்குப்போல் மின்மாற்றியை வெளியே வைக்கும் பெட்டிகளும் உள. பிராசஸரின்மேல் அமரும் ஹீட் சிங்க் எவ்வளவு உயரமிருக்கலாமென்பதைப் பெட்டியின் விவரக் குறிப்பிலேயே காணலாம். அதனை நோக்காது வாங்கிப் பெட்டியின் மூடி பொருந்தாது விழிப்பார் பலர்.

நிற்க. இவ்வளவைகளினும் தலையாயது காற்றின் கணக்கு. கணிப்பொறி உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. முழுவேகத்தில் உழைக்கும் ஓர் யந்திரம் 100 வாட் மின்சாரத்தைச் செலவிடுவதாகக் கொள்வோம். பெட்டியினுள் நுழையும் காற்று 10 டிகிரி செல்சியஸுக்கு மேற் சூடேறாமல் அவ்வெப்பத்தை வெளியே கொண்டுசெல்ல வேண்டுமாயின், விநாடிதோறும் 8 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்று உள்ளே புகுந்து வெளியேறல் வேண்டும். மினி ஐ.டி.எக்ஸ். பெட்டிகளிற் சிலவற்றின் மொத்தக் கொள்ளளவே 8 லிட்டர்தான். எனவே, அப்பெட்டியிலுள்ள காற்று முழுவதும் விநாடிக்கு ஒருமுறை மாறவேண்டுமென்பது தெளிவாகின்றது. மே மாதத்தில் அறையின் வெப்பமே 38 டிகிரி இருப்பின், பெட்டியைக் கடந்து வெளிவரும் காற்று 48 டிகிரியாகும். பிராசஸரின் வெப்பம் இதற்கு மேலும் இருக்குமன்றோ!

இக்காற்றை ஈர்ப்பது விசிறி. ஒரே அமைப்பும் ஒரே சுழற்சி வேகமும் உடைய விசிறிகளுள், 120 மில்லிமீட்டர் விசிறி 80 மில்லிமீட்டர் விசிறியைப்போல் மும்மடங்குக்கு மேற்பட்ட காற்றைத் தள்ளும். ஆதலின் பெரிய விசிறி மெல்லச் சுழன்றே வேலையை முடிக்கும். சிறிய விசிறி விரைந்து சுழன்று இரையும். உருக்கமான காட்சியில் பாத்திரங்கள் தாழ்ந்த குரலிற் பேசும்போது பெட்டி இரையுமாயின் படத்தின் சுவை என்னாவது? மிகச் சிறிய பெட்டியை விரும்புவோர் இதனை மறத்தலாகாது.

காற்றே பெட்டிக்கு உயிரென்றால், அக்காற்று எந்நிலத்துக் காற்று என்னும் வினா உடனே எழுகின்றது. தமிழ் பயில்வோர்க்கு நிலத்தை ஐவகையாகப் பிரித்து நோக்குதல் இயல்பு. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய உணவும் தொழிலும் வேறுபட்டமை போலவே, கணிப்பொறிப் பெட்டியும் நிலத்திற்கு நிலம் வேறுபடல் வேண்டுமென்பது எம் கருத்து. கொளவாய் ஏரியை அடுத்த செங்கற்பட்டிற்கும் கடல் மல்லையாகிய மாமல்லபுரத்திற்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டரே. ஒன்று ஏரியும் வயலும் சூழ்ந்த மருதம். மற்றொன்று அலையும் மணலும் சூழ்ந்த நெய்தல். ஒன்றற்கு ஏற்ற பெட்டி மற்றொன்றற்கு ஏலாது.

செங்கற்பட்டில் பகைவர் இருவர்: வெப்பமும் புழுதியும். கோடையில் கடற்காற்று உள்நாட்டை அடையப் பொழுது சாய்ந்துவிடும் நாட்கள் பல. நெடுஞ்சாலைப் போக்குவரத்தினாலும் சுற்றுப்புறத்துக் கற்குவாரிகளாலும் எழும் புழுதி சாளரத்தின் வழியே வீட்டினுட் புகுகின்றது. இவ்விடத்திற்கு வேண்டுவது, அகன்ற வலைமுகமும், கழற்றிக் கழுவத்தக்க வடிகட்டியும், 120 மில்லிமீட்டர் விசிறியும் உடைய பெட்டியாம். உள்ளிழுக்கும் விசிறிகளின் வலிமை வெளியே தள்ளும் விசிறிகளின் வலிமையினும் சற்று மிகுந்திருத்தல் நன்று. அவ்வாறாயின் காற்று வடிகட்டியின் வழியே மட்டும் உட்புகும். ஏனைய இடுக்குகளின் வழியே வெளிச்செல்லுமேயன்றிப் புழுதியை ஏந்தி உள்ளே வாராது. பெட்டியின் கொள்ளளவு 3 லிட்டராயிருப்பதினும் 10 லிட்டருக்கு மேற்பட்டிருத்தல் இங்கு நலம். எஃகினாற் செய்யப்பெற்றதாயினும் குற்றமில்லை. மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, நன்கு உலர்த்தி மாட்டினால் போதும்.

மாமல்லபுரத்தின் நிலை வேறு. கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவனால் எடுக்கப்பெற்றது. அங்கே கல்லையும் உப்புக்காற்று அரித்தது. கடலலையைத் தடுக்கக் கற்சுவரும், காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பும் அமைத்து, கல்லினுட் புகுந்த உப்பைக் காகிதக் கூழ் அப்பி உறிஞ்சியெடுக்கும் முறையையும் தொல்லியல் துறையினர் கையாண்டனர். கல்லுக்கே இந்நிலையாயின், தாளினும் சற்றே தடித்த எஃகுத் தகட்டிற்கும் மயிரிழை போன்ற செப்புக் கம்பிக்கும் என்ன காவல்?

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நீர்த்துப்போவதை யாவரும் கண்டிருப்பர். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைக் கடந்ததும் சோற்றுப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே நீரை ஈர்க்கவல்லது. ஆகவே பலகையிற் படிந்த கடலுப்பு, நமக்கு உலர்ந்ததாய்த் தோன்றும் நாளிலும் நுண்ணிய ஈரப்படலமாகி, இரும்பைத் துருவேற்றி, செம்பைப் பாசி பிடிக்கச் செய்து, மின்சாரம் செல்லலாகாத வழியிலும் அதனைக் கசியவிடுகின்றது.

இப்பொழுது முன்கூறிய காற்றின் கணக்கை மீண்டும் எடுத்துக்கொள்வோம். படம் ஓடும்போது 40 வாட் செலவாயினும், அவ்வெப்பத்தை முன்போலவே போக்க விநாடிக்கு 3 லிட்டருக்கு மேற்பட்ட காற்று வேண்டும். மூன்று மணி நேரப் படம் ஒன்று முடிவதற்குள் 30,000 லிட்டருக்கு மேற்பட்ட கடற்காற்று பெட்டியினூடே சென்றுவிடும். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் மூன்றை நிரப்பும் அளவு அது. சாதாரண வடிகட்டி புழுதியைத் தடுக்குமேயன்றி நுண்ணிய உப்பைத் தடுக்கமாட்டாது. செங்கற்பட்டில் உயிரளிக்கும் அதே விசிறி மாமல்லபுரத்தில் உப்பை வாரியிறைக்கும் கருவியாகின்றது.

ஆதலின் கடற்கரை வீட்டார் காற்றைக் குறைக்கவேண்டும். காற்றைக் குறைக்க வெப்பத்தைக் குறைக்கவேண்டும். 2023ஆம் ஆண்டில் இன்டெல் வெளியிட்ட என்100 போன்ற பிராசஸர்கள் 6 வாட் என்னும் மதிப்புடையன. இக்காலத்துக் காணொளி வகைகளை இடரின்றிக் காட்டவல்லன. இவற்றிற்கு விசிறியே வேண்டுவதில்லை. பிராசஸரின் வெப்பத்தைச் செப்புத் தண்டுகளாலோ நேர்த்தொடர்பாலோ ஏற்று, விலா எலும்புபோன்ற வரிகளையுடைய உடலின் வழியே புறத்தே விடும் அலுமினியப் பெட்டிகள் கிடைக்கின்றன. அலுமினியம் சாதாரண எஃகைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வெப்பத்தைக் கடத்துவது. ஆனோடைஸ் செய்யப்பெற்றதாயின் அதன்மேல் தடித்த ஆக்சைடு படலம் காவலாக நிற்கும். துளைகள் குறைந்திருத்தலும், மின்மாற்றி வெளியே இருத்தலும், சுழலும் ஹார்டு டிஸ்க்கிற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. இருத்தலும் வேண்டும். இவ்வகைப் பெட்டியின் விலை சற்று மிகுதியே. ஆயினும் பலகை பழுதாகி மீண்டும் வாங்குவதினும் குறைவேயாம். பல வாரங்கள் இயக்காது வைத்த யந்திரத்திலேயே ஈரம் எளிதிற் குடிகொள்ளுமாதலின், நாள்தோறும் சிறிது நேரம் இயக்கி அதனை வெதுவெதுப்பாக வைத்தலும் நல்ல காவலாகும்.

இருநிலத்தார்க்கும் பொதுவாகிய குறிப்புகள் சில உள. உலோகப் பெட்டி ரேடியோ அலையைத் தடுக்குமாதலின், வைஃபை ஆண்டெனா வெளியே இருத்தல் வேண்டும். ரிமோட்டின் ஒளி உட்புகச் சிறு சாளரமாவது, யூ.எஸ்.பி. வழி இணைக்கும் ஏற்பியாவது வேண்டும். உலோகப் பெட்டியைத் தொடும்போது மெல்லிய மின்னதிர்ச்சி உணரப்படுமாயின், வீட்டின் எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனைக் கொண்டு உடனே சோதித்தல் வேண்டும். கண்ணாடிக் கதவிட்ட ஷோகேஸினுள் பெட்டியை அடைத்து வைத்தலும், பூவேலை செய்த துணியால் மூடுதலும், மேலே புத்தகங்களை அடுக்குதலும் கூடா. எறும்பும் பல்லியும் வெதுவெதுப்பான இடத்தை நாடுவனவாதலின், பயன்படாத துளைகளை வலையிட்டு மறைத்தல் நலம்.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசர்க்கென வகுத்த அம்முறை ஒரு சிறு பெட்டி வாங்குவார்க்கும் வழிகாட்டுகின்றது. முதலில் நம் யந்திரத்தின் வலியை வாட் கணக்கில் அறிவோம். பின்னர்க் கோடை எத்துணைக் கொடிது, யந்திரம் நாளொன்றுக்கு எத்துணை நேரம் உழைக்கும் என்னும் காலத்தை அறிவோம். அதன்பின் நம் வீட்டுச் சாளரத்தின் வழியே வருவது புழுதியா உப்பா என்னும் இடத்தை அறிவோம். இம்மூன்றையும் அறிந்தபின் அழகையும் சிறுமையையும் நோக்கினால், வாங்கும் பெட்டி பல்லாண்டு நிலைக்கும். அதனுள் நாம் இட்டுவைத்த குரல்களும் முகங்களும் நம் பின்னோர்க்கும் எஞ்சும்.