இறாலின் இனவரம்பும் மரபணுச் சான்றும்

அருணாசலத்தை வலம் வருவோர்க்குச் சமுத்திரம் எட்டாத விஷயமாகத் தோன்றினும், சாத்தனூர் அணையைக் கடந்து செல்லும் தென்பெண்ணை கடலூரருகே வங்கக் கடலில் கலக்கிறதல்லவா? திறந்த கடலில் பிறந்த வெள்ளை இறாலின் குஞ்சுகள் அலையோடு ஒதுங்கி வளர்ந்து, பருவம் எய்துமுன் மீண்டும் கடலை நாடுவது இத்தகைய கழிமுகங்களிலிருந்துதான். திருவண்ணாமலைச் சந்தையில் இறால் வாங்குபவர் பருமனையும் புதுமையையும் பார்ப்பாரேயன்றி, அது இன்ன இனம் என்று விசாரிப்பதில்லை. விசாரித்தாலும் விடை எளிதன்று.

தரங்கம்பாடியில் டேனிஷ் படையதிகாரியாயிருந்த டால்டார்ஃப் அனுப்பிய இந்தியக் கடல் மாதிரியைக் கொண்டு, ஃபாப்ரீசியஸ் என்ற பண்டிதர் 1798-இல் ‘பினேயஸ் மோனோடான்’ என்று பெயரிட்டார். அதுவே இன்றைய புலி இறால். ஆனால் அவருடைய வர்ணனை சுருக்கமாயிருந்தமையால், பாக் நீரிணையில் மிகுதியாகக் கிடைக்கும் ‘செமிசல்கேட்டஸ்’ என்ற வேறோர் இறாலுக்குச் சிலர் அப்பெயரை வழங்கி வந்தார்கள். 1949-இல் ஹோல்தூயிஸ் என்ற டச்சு நிபுணர் அக்குழப்பத்தைத் தீர்க்கும்வரை, நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு பெயரின் ஸ்வரூபம் நிச்சயமின்றியே இருந்தது.

தலையின் முன்னே நீளும் முள்ளின் பற்கள், ஆணின் இணையுறுப்பு, பெண்ணின் விந்துப்பை ஆகியவற்றைக் கண்ணால் ஒப்பிட்டே இனங்கள் நிர்ணயிக்கப்பட்ட அக்காலத்தில், ஜப்பானியரின் ‘குருமா’ இறால் ஆப்பிரிக்கக் கரைமுதல் ஜப்பான்வரை பரந்த ஒரே இனமென்றே எண்ணப்பட்டது. அதன் மேலோட்டு வரிகள் இருவகையாக அமைந்திருப்பதை அறிந்தோர், அதனை நிறபேதமென்று அலட்சியம் செய்தனர். ஹாங்காங், தைவான் ஆராய்ச்சியாளர்கள் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களோடு உட்கருவின் மரபணுக்களையும் ஒப்பிட்டபோதோ, இருவகை வரிகளுக்கும் இருவகைப் பரம்பரைகள் பிசகின்றிப் பொருந்தின. இரண்டும் கலந்து வாழும் தென்சீனக் கடலிலும் அவை தனித்தே நின்றன. ஆகவே 2014-இல், ஸ்டெபிங் என்ற அறிஞர் 1914-இலேயே வைத்து, பின்னர் ஒதுக்கப்பட்டிருந்த ‘பல்க்ரிகாடேட்டஸ்’ என்ற பெயர் உயிர்பெற்றது. செங்கடலிலும் மேலை இந்தியப் பெருங்கடலிலும் வாழ்வது இதுவே. ‘ஜப்பானிகஸ்’ கீழ்த்திசைக் கடல்களோடு நின்றுவிட்டது. இங்கே மரபணு தனியொரு தீர்ப்பு வழங்கவில்லை. கண் முன்னமே கண்டும் நம்பாதிருந்ததை உறுதிசெய்தது என்பதே என் அபிப்பிராயம்.

தாய்லாந்தின் இருபுறக் கடல்களிலும் வாழும் ‘மெர்குயென்சிஸ்’ இறாலிலும் இத்தகைய இரு கிளைகளை 2003-இல் கண்டனர். ஆயினும் பரம்பரைகள் பிரிந்து காண்பதனால் மட்டுமே இனங்கள் இரண்டென்று முடிவுகட்டுவது அவசரம். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே வருவதாகையால், அது குலவரலாற்றின் ஒரு பாதியையே சொல்லும். போதாக்குறைக்கு, அதன் துண்டுகள் சில உட்கருவிற்குள் புகுந்து செயலற்றுக் கிடந்து, ஆராய்ச்சியாளனின் கையில் மெய்யானவை போல் சிக்குவதும் உண்டு. சொடுக்கு இறால்களில் இது சகஜமென்று 2001-இல் வெளிப்பட்டது. இதே சொடுக்கு இறால்களைக் கொண்டுதான் நான்சி நோல்டன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் ஓர் அழகிய சோதனை செய்தனர். சுமார் முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலப்பாலம் எழுந்து இரு சமுத்திரங்களையும் பிரித்தமையால், இருபுறமும் ஒன்றையொன்று ஒத்த ஜோடிகள் தங்கிவிட்டன. அவற்றை ஒரே தொட்டியில் விட்டபோது, அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று பகைத்தனவேயன்றிக் கூடிச் சந்ததி ஈனவில்லை. மரபணு வேறுபாடு மிகுந்த ஜோடிகளில் அப்பகையும் மிகுந்திருந்தது. 1993-இல் வெளியான இம்முடிவு, மரபணு எழுத்துக்களின் கணக்கை ஜீவனின் நடத்தையோடு பிணைத்தது.

பிரிப்பதையே மரபணுவின் தொழிலென்று கொள்வதும் தவறு. 1997-இல் பெரெஸ் ஃபார்ஃபான்டேயும் கென்ஸ்லியும் பினேயஸ் என்ற ஒரே பேரினத்தை ஆறாக வகுத்தபோது, இறால் வளர்ப்போர் பலர் முணுமுணுத்தார்கள். 2011-இல் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா இரண்டையும் சேர்த்து ஆராய்ந்த மா, சான், சூ ஆகியோர், அவ்வறுவகைப் பிரிவு பரம்பரைக்கு ஒவ்வாதென்று மறுத்தனர். நம் கரையோரப் பண்ணைகளில் 2009 முதல் அனுமதிபெற்று வளரும் வனாமி இறால், இதனால் ஏடுகளில் சில இடங்களில் ‘லிட்டோபினேயஸ்’ என்றும் சில இடங்களில் ‘பினேயஸ்’ என்றும் வழங்குகிறது. அடியேன் எழுதும்போது ‘பினேயஸ்’ என்ற பழைய பெயரையே எழுதுகிறேன்.