முக்கூர்த்திக்குப் போவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர் ஒருவர், கேத்தி)

உலகில் பயணங்கள் பலவகை. கனடா நாட்டில் விடுமுறை வந்தால் சிலர், படுக்கையும் சமையலறையும் கொண்ட வண்டியிலேயே குடும்பத்தோடு வடக்கு நோக்கிப் புறப்படுகிறார்கள். வண்டியின் தலைமேல் ஒரு சிறு துடுப்புப் படகு கட்டப்பட்டிருக்கும். சாலை முடிந்த இடத்தில் படகை ஆற்றில் இறக்கி, நாள் கணக்கில் காட்டுக்குள் போவார்கள். அங்கே 1922-இல் அமைந்த 'வுட் பஃபலோ' தேசியப் பூங்கா மட்டும் ஏறத்தாழ 44,700 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது.

அந்தக் கனடாவுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. நம் குந்தா நீர்மின் திட்டம், கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா அளித்த உதவியோடு கட்டப்பட்டது. அந்தத் திட்டத்தின் நீர்த்தேக்கங்களுக்கு அருகிலேயே, வடநாட்டுக் காடுகளைப்போல மனித வாடையற்ற ஓர் இடம் நம் மாவட்டத்திலும் இருக்கிறது. அதுதான் முக்கூர்த்தி தேசியப் பூங்கா.

கேத்தி ரயில் நிலையத்தில் இறங்கும் வெளியூர்ப் பயணிகள் முக்கூர்த்தியைப் பற்றிக் கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் தெரிவதில்லை. தேயிலைத் தோட்டத்திலும் கேரட் வயலிலும் வேலை செய்யும் வீடுகளிலிருந்து வரும் எங்களுக்கு, சுற்றுலா என்பது பிறர் செய்வது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்த தாவரவியலைக் கண்ணால் காணும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இடத்தை அறிவோம்

முக்கூர்த்தியின் பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். 1982-இல் சரணாலயமாகவும் 1990-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2012-இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, அந்தப் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. முக்கூர்த்தி சிகரம் 2,554 மீட்டர் உயரம். கோலரிபெட்டா அதைவிட உயர்ந்தது. மேற்கே மலை செங்குத்தாகக் கேரளத்துக்குள் இறங்குகிறது. இறந்தோரின் ஆவி மறுவுலகம் செல்லும் வழி இந்தச் சிகரத்தில் இருக்கிறது என்பது தோடர் மக்களின் நம்பிக்கை. ஆகவே இது வெறும் காட்சி முனை என்று நினைத்துவிடக் கூடாது.

நம் மாநில விலங்கான வரையாட்டுக்காகவே இந்தப் பூங்கா ஏற்பட்டது. 2024-இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழகம் முழுவதும் 1,031 வரையாடுகளே இருப்பதாக மதிப்பிடப்பட்டது. நம் மாவட்டத்தின் பல சிற்றூர்களின் மக்கள்தொகைகூட இதைவிட அதிகம்!

இங்கே மேட்டில் புல்லும் பள்ளத்தில் சோலையுமாக இருப்பதைக் காணலாம். ஏன் எல்லா இடத்திலும் மரம் வளரவில்லை? குளிர்கால இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி விழுகிறது. அது சோலை மரங்களின் இளங்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. நம் தேயிலை கருகுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். புல்லும் சோலையும் சேர்ந்து மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. பைக்காராவும் பவானியும் இந்த மேட்டு நிலத்தின் நீரால் வளர்கின்றன. சமவெளியில் பவானிப் பாசனத்தில் விளையும் நெல்லுக்கும் இந்தப் புல்லுக்கும் தொடர்பு உண்டு.

எப்போது போவது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மறக்க முடியுமா? அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையால் மண்சரிவு அச்சம் உண்டு. பிப்ரவரி நடுவிலிருந்து புல் காய்ந்து தீக்காலம் தொடங்கும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வரையாடுகள் குட்டி ஈனும். இவற்றையெல்லாம் கழித்தால் டிசம்பரும் அதை ஒட்டிய சில வாரங்களுமே மிஞ்சுகின்றன. குளிர் கடுமையாக இருந்தாலும் வானம் தெளிந்திருக்கும். குறிஞ்சி பார்க்க விரும்புவோர் மட்டும் பொறுத்திருக்க வேண்டும். 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி மீண்டும் பூப்பது 2030-இல்தான்.

அனுமதி

இதில் சமரசம் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தனர். அதன்பின் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி குடில் வரையிலான பாதையும், அவலாஞ்சியிலிருந்து கோலரிபெட்டா வரையிலான பாதையும் அவற்றுள் அடங்கும். இணையவழி முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல வேண்டும். கட்டணம் பாதைக்குப் பாதை மாறும். முன்கூட்டியே பார்த்துப் பணம் சேர்த்துக்கொள்வது மாணவர்களுக்கு நல்லது.

வண்டியிலேயே தங்கலாம், நீர்த்தேக்கத்தில் படகு விடலாம் என்ற கனடா முறை இங்கே செல்லாது. படகு ஆசை உள்ளவர்கள் பைக்காரா படகுத்துறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்றபடி நம் கால்களே வண்டி.

எடுத்துச் செல்ல வேண்டியவை

1. கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, மாற்று உடுப்பு. வெறும் குளிரைவிட, நனைந்த உடம்பில் படும் காற்று ஆபத்தானது. நீர் ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துச் செல்கிறது.

2. சமைத்த உணவு. தீ மூட்டக் கூடாது. புளிச்சோறு, அவித்த உருளைக்கிழங்கு, கடலை மிட்டாய் போதும்.

3. உலோகக் குடுவையில் தண்ணீர். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் புட்டிகளுக்குத் தடை உண்டு.

4. அட்டைக்கு உப்பு, காயத்துக்கு மருந்து, ஒரு ஊதல். மூடுபனியில் கண்ணுக்கு எட்டாதவனுக்கும் ஊதல் காதுக்கு எட்டும். கைப்பேசியை நம்ப வேண்டாம்.

5. துலக்கிய காலணி. இதைப் பலர் கவனிப்பதில்லை. சீகை மரம் போன்ற அயல்நாட்டுச் செடிகள் ஏற்கெனவே புல்வெளியை விழுங்கி வருகின்றன. செருப்பில் ஒட்டிய சேற்றோடு அயல் விதைகள் உள்ளே போகக் கூடும். காலணியைத் துலக்குவது இரண்டு நிமிட வேலை; பரவிவிட்ட செடியை அகற்றுவது பல ஆண்டு வேலை.

போகும் நாளில்

எந்தப் பாதையில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோருடைய வேகமும். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் வழிகாட்டி சொன்னபடி திரும்பிவிட வேண்டும். வரையாட்டைக் கண்டால் நின்று பார்க்கலாம். துரத்திப் படம் எடுக்கக் கூடாது.

நண்பர்களே! இந்தக் காட்டைக் காக்கும் காவலர்களில் பலர் நம்மைப்போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள். நாளை அங்கே ஆய்வு செய்பவர்களும் நம் வீடுகளிலிருந்து வர வேண்டும். அதற்கு முதல் படியாக, இந்த ஆண்டு நம் தாவரவியல் மன்றம் பத்துப் பேரைச் சேர்த்து, முறையாக அனுமதி பெற்று, ஒருமுறை முக்கூர்த்தி சென்று வரட்டும்.