உங்களுக்குத் தெரியுமா? கராமாவின் நான்கெழுத்து விளம்பரம்

துபாய் கராமாவில் மெட்ரோ ஏறும் நம்மவர்கள் தினமும் ஒரு விளம்பரத்துக்குள் நுழைந்துதான் வேலைக்குப் போகிறார்கள். 'அல் கராமா' என்றிருந்த நிலையத்தின் இன்றைய பெயர் 'ஏடிசிபி'. அபுதாபி கமர்ஷியல் பேங்கின் சுருக்கம் அது. நிலையங்களுக்குப் பெயர் சூட்டும் உரிமையை துபாய் போக்குவரத்து ஆணையம் நிறுவனங்களுக்கு விற்கிறது. படம் இல்லை, வாசகம் இல்லை. ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. வழித்தட வரைபடத்திலும் ரயிலுக்குள் அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒலிக்கும் அறிவிப்பிலும் அதே பெயர். ஊரிலிருந்து புதிதாக வருபவரிடம் "ஏடிசிபியில இறங்குங்கண்ணே" என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். ஊர்ப்பெயர் மறைந்ததில் வருத்தம்தான். ஆனாலும் சுருங்கச் சொல்லி மனதில் பதிய வைப்பதில் இது கெட்டிக்கார வேலை.

அடுத்த நிலையமும் அப்படியே: 'அல் ஜாஃபிலியா' போய், துணிக்கடை 'மேக்ஸ்' வந்துவிட்டது.

எழுத்தே விளம்பரமாகும் வித்தைக்கு இன்னொரு உதாரணம். லிண்டன் லீடர் 1994-இல் வடிவமைத்த ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவனச் சின்னத்தில், கடைசி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு வெள்ளை அம்பு ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அது வலப்பக்கம் பார்க்கும். அரபி வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தல்லவா, அரபுச் சின்னத்தில் அம்பும் இடப்பக்கம் திரும்பிவிடும். கராமா தெருவில் ஃபெடெக்ஸ் வேன் நின்றால் உற்றுப் பாருங்கள்.