ஃபில்டரைத் தாண்டிப் போகும் எண்ணெய்

நம் ஊர் ஹோட்டல் சமையற்கட்டுகளில் அடுப்புக்கு மேலே அகலமான ஸ்டீல் கூரை ஒன்று தொங்கும். அதன் பெயர் ஹூட். அதற்குள் சாய்வாகச் செருகியிருப்பவை ஃபில்டர்கள். அவற்றுக்குப் பின்னாலிருந்து புறப்படும் தகரக் குழாய்தான் டக்ட். அது சுவரோரமாக வளைந்து நெளிந்து மொட்டைமாடிக்குப் போய், அங்கே இருக்கும் ப்ளோயரில் முடியும். முழு அமைப்பையும் சேர்த்துச் ‘சிம்னி’ என்று சொல்லிவிடுகிறோம். அப்படி ஒரே பெயரில் அடக்கிவிடுவதால்தான், நம் கண்ணுக்குப் படாத நடுப்பகுதி மறந்துபோகிறது.

அடுப்பிலிருந்து மேலே போவது வெறும் புகை அல்ல. பரோட்டாக் கல்லில் எண்ணெய் ஊற்றும்போதும், கடாயில் பஜ்ஜியைப் போடும்போதும் எண்ணெய் இரண்டு வடிவங்களில் கிளம்புகிறது. நுண்ணிய துளிகளாகத் தெறிப்பது ஒன்று. சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலந்துவிடுவது மற்றொன்று.

இந்தக் காற்றை ஃபில்டர் என்ன செய்கிறது? அதிலுள்ள தகடுகள் காற்றை நேராகப் போகவிடாமல் வெடுக்கென்று திருப்புகின்றன. டவுன் பஸ் வேகமாகத் திரும்பும்போது கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் பக்கவாட்டில் போய் மோதுகிறார் அல்லவா? கனமான எண்ணெய்த் துளியும் அப்படித்தான் திரும்ப முடியாமல் தகட்டில் மோதி, வழிந்து, கீழே உள்ள தொட்டியில் சேர்கிறது. மிகச் சிறிய துளியும் ஆவியும் காற்றோடு சேர்ந்து திரும்பி உள்ளே போய்விடுகின்றன.

‘தினமும் ராத்திரி ஃபில்டரைக் கழுவுகிறோமே, சிம்னி சுத்தமாகத்தானே இருக்கிறது’ என்பார்கள் கடைக்காரர்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும் தவறான எண்ணம் இதுதான். ஃபில்டர் கழுவுவது அவசியமான வேலை. கழுவாவிட்டால் காற்று அடைபட்டு, சமையற்கட்டே புகைமண்டிப் போகும். ஆனால் ஃபில்டர் பிடித்து வைத்ததைத்தான் நாம் கழுவுகிறோம். அது தவறவிட்ட எண்ணெய் எங்கே போயிற்று?

டக்ட்டுக்குள் போயிற்று. தகரம் அடுப்பைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால், அதைத் தொட்டதும் ஆவி மறுபடி எண்ணெயாகிப் படிகிறது. வளைவுகளிலும் படுக்கையாக ஓடும் இடங்களிலும் அது தேங்கி நிற்கும். ஸ்கிரேப்பரால் ஒரு இழுப்பு இழுத்தால் மேல்படிவம் பழுப்பாகச் சுருண்டு வந்துவிடும். பல மாதச் சூட்டில் இறுகிய அடிப்படிவம் லேசில் வராது. அதைக் கெமிக்கல் போட்டு ஊறவைத்து, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

இந்தப் பிசுக்கு எரிபொருள். ஃப்ரைடு ரைஸ் கிளறும்போது குப்பென்று எழும் சுவாலை ஃபில்டர் இடுக்கு வழியாக உள்ளே போனால் போதும். சமையல் எண்ணெய் 350 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோ சூடானால் நெருப்பு படாமலேகூடப் பற்றிக்கொள்ளும். பற்றிய பிறகு, காற்றை இழுக்கும் அதே ப்ளோயர் தீயையும் மேலே இழுக்கும்.

2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓர் உணவகத்தில் இப்படித்தான் நடந்தது. டக்ட்டில் பிடித்த எண்ணெய்த் தீ ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பரவி, யார் கண்ணிலும் படாமல் எரிந்துகொண்டிருந்தது. கீழே பெரிதாக எதுவும் தெரியவில்லை. உள்ளே போன தீயணைப்பு வீரர்களில் இரண்டு பேர் திரும்பவில்லை. யாரோ ஒருவர் டக்ட்டைத் திறந்து பார்க்காமல் விட்டதன் விலையை, அந்தச் சமையற்கட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் கொடுத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

சரி, எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்ப்பது? அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 96 என்ற தரநிலை அடுப்பைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. விறகு, கரி அடுப்பு என்றால் மாதம் ஒரு முறை. நாள் முழுக்க அடுப்பு ஓயாமல் எரியும் கடைக்கு மூன்று மாதம். நடுத்தரமான வேலைக்கு ஆறு மாதம். எப்போதாவது சமைக்கும் இடத்துக்கு வருடம் ஒரு முறை. விறகடுப்பு பிரியாணிக் கடைகள் அந்த முதல் வகையில் வருகின்றன, ஏனென்றால் அங்கே பிசுக்கோடு தீப்பொறியும் மேலே போகிறது. பிரிட்டனில் பின்பற்றும் டி.ஆர்.19 வழிகாட்டி, சராசரிப் படிவு 0.2 மில்லிமீட்டரைத் தொடும் முன்பே சுத்தம் செய்யச் சொல்கிறது. எவ்வளவு மெல்லிய படலம், பாருங்கள்! நம்மில் பலர் அதை அழுக்கென்றே எண்ண மாட்டோம்.

இரண்டு பழக்கங்களை உடனே விட வேண்டும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால், ‘இன்றைக்கு மட்டும்’ என்று அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சமைப்பது ஒன்று. அன்றைய எண்ணெய், சுவாலை எல்லாவற்றுக்கும் டக்ட்டின் கதவைத் திறந்துவிட்டதாக ஆகிவிடும். அலுமினிய ஃபில்டரைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவது இன்னொன்று. காஸ்டிக் எண்ணெயோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்றுவிடும்.

சுத்தம் செய்ய ஆள் வரும்போது ஹூட்டின் பளபளப்பைப் பார்த்து பில்லைத் தீர்த்துவிடாதீர்கள். டக்ட் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு கதவு இருக்க வேண்டும்; அதைத் திறந்து, டார்ச் அடித்து, உள்ளே தகரம் தெரிகிறதா என்று பாருங்கள். மாடியில் ப்ளோயரின் இறக்கைகளையும் பாருங்கள். கதவே இல்லாத பழைய டக்ட் என்றால் ஃபேப்ரிகேஷன்காரரிடம் சொல்லி வைத்துக்கொள்ளலாம். அடித்தகட்டில் மட்டும் வெட்டச் சொல்லாதீர்கள், எண்ணெய் அங்கேதான் ஓடும். பக்கவாட்டில், அடியிலிருந்து ஒன்றரை அங்குலமாவது மேலே தள்ளி வைத்தால் ஒழுகாது.